தீவகத்தின் விடுமுறைக் காலமும் சீனிக் கணக்கும்

ஓகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றின் முற்பகலில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போனால், தீவகத்தின் இன்றைய நிலையை ஒரே பார்வையில் கண்டுகொள்ளலாம். நயினாதீவின் நாகவிகாரைக்குப் போக வந்த தென்னிலங்கை பஸ்கள் ஒருபுறம். அரிசி மூட்டையோடும் மருந்துப் பையோடும் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கும் ஊர்ச்சனம் இன்னொருபுறம். இரண்டுக்கும் நடுவே பாரிஸ், லண்டன், ரொறன்ரோ என்று பல இடங்களிலிருந்தும் பிள்ளைகளுடன் ஊர் பார்க்க வந்த குடும்பங்கள். வெயில் ஏறிவிட்டது, படகு இன்னும் வரவில்லை. பிள்ளைகளுக்குத் தாகம். பக்கத்துக் கடையின் கண்ணாடிக் கதவுப் பெட்டிக்குள் குளிர்ந்த போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன.

"அப்பா, நீங்களும் ஒண்டு குடியுங்கோ. இண்டைக்கு ஒருநாள்தானே?"

சலரோகத்துக்குக் குளிசை எடுக்கும் எழுபது வயதுத் தகப்பனுக்கு மகள் போத்தலைத் திறந்து நீட்டுவாள். அவரும் மறுக்கமாட்டார். மகள் வந்திருக்கிறாள், பேரப்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் வைத்தியர் சொன்னதை நினைத்து முகம் சுளிக்க யாருக்கு மனம் வரும்?

தீவகம் விடுமுறை இடமாக மாறிவருகிறது. அந்த மாற்றத்தைப் பற்றி வீதி, படகு, ஹொட்டேல், முதலீடு என்ற சொற்களில் நிறையப் பேசுகிறோம். வருகிறவர்களும் இருக்கிறவர்களும் அங்கே எதைச் சாப்பிடுகிறார்கள், எதைக் குடிக்கிறார்கள் என்பதைப் பேசுவதில்லை. அது அவரவர் வாய்க்கட்டுப்பாடு என்று விட்டுவிடுகிறோம். அது வாய்க்கட்டுப்பாட்டை விடப் பெரிய விடயம்.

வாசல் இல்லாத பூங்கா

புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் முதலில் நினைவுக்கு வருவது கேளிக்கைப் பூங்காதான். பாரிஸ் பிள்ளைகளுக்கு 1992இல் திறக்கப்பட்ட டிஸ்னிலாண்ட். ரொறன்ரோ பிள்ளைகளுக்கு 1981இலிருந்து இயங்கும் கனடாஸ் வொண்டர்லாண்ட். இப்போது வடக்கிலேயே, கிளிநொச்சி மாவட்டத்தின் இயக்கச்சியில், புலம்பெயர் தமிழரின் முதலீட்டில் உருவான றீ(ச்)ஷா பண்ணையும் பூங்காவும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு வரும் குடும்பங்களின் பட்டியலில் நல்லூர், ஐஸ்கிறீம் கடை, நயினாதீவு, நெடுந்தீவு என்ற வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டது.

இத்தகைய பூங்காக்கள் எப்படி இயங்குகின்றன என்று பார்த்தால் ஒன்று புரியும். உள்ளே போனவர் நாள் முழுதும் உள்ளேயே இருப்பார். பசித்தால் உள்ளே விற்பதைத்தான் வாங்கவேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு இனிப்பு வண்டி, ஒவ்வொரு விளையாட்டின் முடிவிலும் ஒரு குளிர்பானக் கடை. பிள்ளை அழும்போது மறுக்கமுடியாத இடத்தில்தான் கடையை வைப்பார்கள். நான்கு நாள் போய்வந்து நிறுவையில் ஏறி நின்று தன்னைத்தானே நொந்துகொள்ளும் தாய்க்கும் தகப்பனுக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். அங்கே தோற்றது அவர்களின் மனவுறுதி மட்டுமல்ல. அந்த இடமே அப்படித்தான் திட்டமிடப்பட்டது.

2016இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று விடுமுறைக்குப் போன 122 பேரைப் பின்தொடர்ந்தது. ஒன்று முதல் மூன்று வாரம் வரையான பயணத்தில் அவர்களுக்குக் கூடிய எடை சராசரியாக 300 கிராம் சொச்சம். கேட்கச் சிறிய தொகைதான். ஆனால் ஆறு வாரம் கழித்து நிறுத்துப் பார்த்தபோதும் அந்த எடை குறையவில்லை. ஒவ்வொரு விடுமுறையும் இப்படிக் கொஞ்சம் விட்டுவிட்டுப் போனால், இருபது ஆண்டுகளில் என்ன சேரும் என்பதை நாங்களே கணக்குப் பார்க்கலாம்.

தீவகத்துக்கு வாசலும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. ஆனால் விடுமுறைக்கு வந்தவரைப் பொறுத்தவரை அதன் நடைமுறை ஒரு பூங்காவுக்கு மிக அண்மையில் வந்துவிட்டது. படகு வரும்வரை நகரமுடியாது. நெடுந்தீவில் இறங்கினால் திரும்பும் படகுவரை தீவுக்குள்தான். விற்கப்படுவதைத்தான் வாங்கவேண்டும். ஒரு வித்தியாசம் உண்டு. டிஸ்னிலாண்டில் நாள் முழுதும் நடந்தாவது தீரவேண்டும். நெடுந்தீவிலோ கோட்டை, பெருக்கு மரம், குதிரைகள் நிற்கும் வெளி எல்லாவற்றையும் வாகனத்தில் இருந்தபடியே பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம்.

ஒருநாள் கணக்கு

உதாரணத்துக்கு ஒரு குடும்பத்தின் ஒருநாளை எடுத்துக்கொள்வோம். காலையில் கோயிலுக்கென்று விரதம், வெறும் தேத்தண்ணீர் மட்டும். இறங்குதுறையில் 400 மில்லிலீற்றர் குளிர்பானம். நயினாதீவில் அன்னதானம். திரும்பி வரும்போது வேலணைச் சாட்டிக் கடற்கரையில் ஐஸ்கிறீம். பின்னேரம் மாமி வீட்டில் தேத்தண்ணீர், கேக், முறுக்கு. இரவு கொத்துரொட்டி.

100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி உள்ள பானம் என்று வைத்தால், அந்த ஒரு போத்தலில் மட்டும் 40 கிராம். அதாவது பத்துத் தேக்கரண்டி. ஐஸ்கிறீமில் 15 கிராமாவது இருக்கும். இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீர் மூன்று தரம் குடித்தால் இன்னொரு 24 கிராம். கேக்கைச் சேர்க்காமலே 80 கிராமை எட்டிவிட்டோம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்குச் சொல்வது நாளுக்கு ஏறத்தாழ 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள். பிள்ளைகளுக்கு இதைவிடவும் குறைவு.

இலங்கையில் இந்தக் கணக்கை வாங்குபவருக்குக் காட்டுவதற்கென்றே 2016 ஓகஸ்டில் குளிர்பானப் போத்தல்களுக்கு வீதிச் சமிக்ஞை நிறங்கள் கொண்டுவரப்பட்டன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. நல்ல முயற்சிதான். ஆனால் இந்த அளவுகளின்படி, மேலே சொன்ன 40 கிராம் போத்தல் செம்மஞ்சள் வட்டத்தோடு கடையில் நிற்கும். வட்டம் 100 மில்லிலீற்றருக்குப் பேசுகிறது, தாகத்தில் நிற்பவர் முழுப் போத்தலையும் குடிக்கிறார். 2017 நவம்பரில் பானத்திலுள்ள ஒவ்வொரு கிராம் சீனிக்கும் 50 சதம் என்று வரியும் போடப்பட்டது. அடுத்த ஆண்டின் முடிவுக்குள்ளேயே அது தளர்த்தப்பட்டது.

இது ஏன் எங்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலான ஆபத்து? 2018–2019இல் நாடளாவிய ரீதியில் நடந்த இலங்கைச் சுகாதார, முதுமை ஆய்வின்படி வயது வந்தோரில் 23 வீதமானோருக்கு நீரிழிவு இருக்கிறது. இன்னும் 30 வீதமானோர் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் பாதிக்கு மேல். தெற்காசிய உடலுக்கு மெலிந்த தோற்றத்திலும் இந்த நோய் வரும். அதனால்தான் ஆசியர்களுக்கு உடல் நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. பொதுவாகச் சொல்லப்படும் எல்லை 25. வெளிநாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கும் இந்த உடல்தான். கடவுச்சீட்டு மாறினாலும் கணையம் மாறாது.

தண்ணீர்தான் முதற் கேள்வி

மக்கள் ஏன் சோடா குடிக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன், அந்த இடத்தில் வேறு என்ன குடிக்கலாம் என்று கேட்கவேண்டும். தீவகத்தின் பழைய துயரமே தண்ணீர்தான். ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு எங்கும் உவர்க்கிணறுகள் மலிந்திருக்கின்றன. மழைநீர் மண்ணுக்கடியில் மெல்லிய படையாகத் தங்கும் சில இடங்களில்தான் நல்ல தண்ணீர். வேலணைச் சாட்டி அப்படிப்பட்ட ஒரு இடம். நாங்கள் ஐஸ்கிறீம் வாங்கித் தின்று கடதாசிக் கோப்பையை எறிந்துவிட்டு வரும் அதே சாட்டிதான், தீவகத்துக்கு நீர் கொடுத்துவந்த கிணறுகளின் நிலம். வரட்சிக் காலத்தில் பவுசருக்குக் காத்திருக்கும் கலன்களின் வரிசை தீவகத்தில் பலரும் கண்ட காட்சி.

2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குடாநாட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் இறங்குதுறையில் நிற்கும் பிள்ளைக்கு வேண்டியது அந்த இடத்தில் ஒரு குழாய், ஒரு கோப்பை. அது இல்லாத இடத்தில் காசு கொடுத்துத்தான் தாகம் தீர்க்கவேண்டும். காசு கொடுப்பதென்று ஆகிவிட்டால், தண்ணீர்ப் போத்தலுக்கும் இனிப்புப் போத்தலுக்கும் இடையில் பிள்ளை எதைக் கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வேறு வழி இருக்கிறது என்பதற்குச் சான்று தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் அமுதசுரபி அன்னதான மண்டபத்தைப் பாருங்கள். மணிமேகலை அட்சயபாத்திரம் பெற்ற மணிபல்லவம் இதுதான் என்ற நம்பிக்கையில் பெயர் வைத்த மண்டபம். ஆனித் திருவிழாக் காலத்தில் வருகிற கூட்டத்துக்குச் சோறும் மரக்கறியும் கொடுத்து, யாரிடமும் காசு கேட்காமல் அனுப்பிவைக்கிறார்கள். கடல் கடந்த ஒரு சிறு தீவில் இத்தனை பேருக்கு உணவு கொடுக்க முடியுமென்றால், இறங்குதுறையில் தண்ணீரும் மோரும் கொடுக்க முடியாதா? தண்ணீர்ப்பந்தல் எங்கள் ஊர்களுக்குப் புதிதல்ல. தேர்த் திருவிழாவில் வீதிக்கு வீதி பந்தல் போடுகிற சனம் நாங்கள்.

சூட்கேசில் வரும் சீனி

பழியை முழுவதும் கடைக்காரர் தலையில் போட்டுவிட்டு நாங்கள் தப்பிக்கமுடியாது. வெளிநாட்டிலிருந்து வரும் சூட்கேசைத் திறந்தால் பாதி இடத்தில் சொக்லேட்டும் விசுக்கோத்துப் பேணியும் இருக்கும். அன்பின் அளவு அதுவாகிவிட்டது. அம்மம்மாவுக்கு ஒரு பெட்டி, சித்தப்பா வீட்டுக்கு ஒரு பெட்டி, முன்வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பை. அம்மம்மாவின் குளிசைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே அந்தப் பெட்டியும் வைக்கப்படும். அவர் தனக்கென்று எடுப்பதும் சரி, பிள்ளைகள் அனுப்பியது என்று வருகிறவர்களுக்குக் கொடுத்துத் தானும் ஒன்று வாயில் போடுவதும் சரி, சேருவது ஒரே இடத்தில்தான்.

மறுபக்கமும் உண்டு. ஊரில் இருப்பவர்கள் வந்தவர்களை விடுவதில்லை. "ஒண்டும் செய்யாது, ஒரு துண்டு எடுங்கோ" என்பதை மூன்று தரம் மறுத்தால் அது மனத்தாங்கலாகிவிடும். ஒருநாளில் நான்கு வீடு போனால் நான்கு தேத்தண்ணீர், நான்கு தட்டு. போரும் இடப்பெயர்வும் பிரித்த குடும்பங்கள் இவை. 1990–91இல் ஊரைவிட்டு ஓடியவர்கள் முப்பது ஆண்டுக்குப் பின் ஒரு முற்றத்தில் சந்திக்கும்போது, சாப்பாட்டைத் தவிர வேறு எதைக் கொண்டு அந்த இடைவெளியை நிரப்புவது? ஆகவே, "மறுத்துவிடுங்கள்" என்று எழுதிவிட்டுப் போவது பயனற்ற புத்திமதி.

பழைய சாப்பாடு எல்லாம் மருந்து என்று சொல்வதும் அப்படித்தான். பனங்கட்டியும் சீனிதான். கறுப்பாக இருப்பதால் சலரோகத்துக்கு நல்லது என்று நம்பி அள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பிழை. ஒடியற் கூழ் நல்ல உணவு. மீன், நண்டு, பயற்றங்காய், கீரை எல்லாம் சேருவதால் ஒரு கோப்பையில் ஒரு முழுச் சாப்பாடு கிடைக்கிறது. ஆனால் அதிலும் மா இருக்கிறது. மூன்று கோப்பை குடித்தால் மூன்று கோப்பை மாதான். அளவு முக்கியம். இருந்தாலும், கொத்துரொட்டிக்கும் குளிர்பானத்துக்கும் பதிலாகச் சிவப்பரிசிப் புட்டும் மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் கிடைத்தால் உடம்பு நிச்சயம் நன்றி சொல்லும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் புதிய சுவை. ஆனால் அதை இறங்குதுறைக் கடையில் தேடிக் கண்டுபிடிப்பது எளிதல்ல.

இன்னொரு ஆபத்தையும் இங்கே சொல்லவேண்டும். சீனி கூடுவதை மட்டும் பயந்துகொண்டிருக்கிறோம். விரதம் இருந்து, குளிசையை மட்டும் வழமைபோல விழுங்கி, படகு தாமதித்து, வெயிலில் நிற்கும் முதியவருக்குச் சீனி திடீரென இறங்கலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் வந்தால் அந்த நேரத்தில் 15 கிராம் சீனி அளவுக்கு இனிப்பாக ஏதாவது உடனே கொடுக்கவேண்டும். சோடா அப்போது மருந்து. இன்சுலின் எடுப்பவர் விரதத்துக்கு முன் வைத்தியரிடம் அளவைக் கேட்டுக்கொள்வது அவசியம். மருந்தை வானுக்குள் வெயிலில் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகக்கூடாது. சூட்டில் அது பழுதாகிவிடும்.

பருவம் முடிந்த பின்

செப்டெம்பரில் விமானங்கள் திரும்பிப் போய்விடும். பாரிஸில் இறங்கிய மகள் ஒரு மாதத்தில் தன் வைத்தியரிடம் இரத்தம் சோதித்து, கூடியதைக் குறைக்கப் பார்ப்பாள். ஊரில் நிற்கும் தகப்பன்? நெடுந்தீவில் வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் பெரிய சிக்கல் என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் படகில்தான் கொண்டுபோகவேண்டும். கடல் கொந்தளித்தால் காத்திருக்கவேண்டும். பட்டணத்தில் சின்னப் புண்ணாக இருக்கக்கூடிய சலரோகக்காரரின் கால் காயம் தீவில் பெரிய புண்ணாகிவிடுவதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம்.

கடையும் செப்டெம்பரில் மூடப்படுவதில்லை. வெளிநாட்டவருக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் என்று நிரப்பிய தட்டுகள் ஆண்டு முழுதும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கண்முன் இருக்கும. மாமா வந்தபோது வாங்கித் தந்ததை, மாமா போனபின் ஐம்பது, நூறு ரூபாய்க்கு அவர்களே வாங்குவார்கள். விருந்தாளியின் ஒருநாள் பண்டம் வீட்டுக்காரரின் தினசரி உணவாவது இப்படித்தான். கடைக்காரரைக் குறைசொல்லியும் பயனில்லை. இரண்டு மாத வியாபாரத்தில் மீதிப் பத்து மாதத்தைக் கொண்டுபோகவேண்டியவர் அவர். பழுதாகாத, கேட்டு வாங்கப்படுகிற பொருளைத்தான் வைப்பார். அவரிடம் மாற்றத்தைக் கேட்பதென்றால், மாற்றுப் பொருளுக்குச் சந்தையையும் நாங்கள்தான் உருவாக்கிக் கொடுக்கவேண்டும்.

இவையெல்லாம் இனிமேல் கூடத்தான் போகின்றன. 2025 செப்டெம்பர் முதலாம் திகதி மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்தின் கட்டுமானத்தை ஜனாதிபதி தொடக்கிவைத்தார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு இந்திய உதவியில் கலப்பு மின்திட்டம் வருகிறது. மின்சாரம் சீரானால் குளிர்ப்பெட்டிகள் கூடும். மைதானம் வந்தால் கூட்டம் கூடும். அவற்றை வேண்டாம் என்று சொல்லவில்லை. கூட்டம் வருமுன் இடத்தை எப்படி ஒழுங்குபடுத்துகிறோம் என்பதே கேள்வி.

என்ன செய்யலாம்

2023 மார்ச்சிலிருந்து ஈராண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்த உள்ளூராட்சிச் சபைகளுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச சபைகளில் இப்போது கேட்டால் பதில் சொல்ல உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கவேண்டியவை பெரிய செலவுள்ளவையல்ல.

முதலாவது, குறிகட்டுவான், நயினாதீவு, நெடுந்தீவு இறங்குதுறைகளிலும் சாட்டிக் கடற்கரையிலும் இலவசக் குளிர்ந்த குடிநீர். சம்பந்தப்பட்ட திணைக்களங்களோடு பேசி இதைச் செய்யலாம். ஒவ்வொரு கோடையிலும் ஊர்ச் சங்கங்கள் வெளிநாட்டில் காசு சேர்க்கின்றன. கோயில் வளைவுக்கும் மண்டபத்துக்கும் கொடுக்கும் அந்தக் கைகள் ஒரு நீர்ச்சுத்திகரிப்பு இயந்திரத்துக்குக் கொடுக்காமல் விடாது. அதன் பராமரிப்புக்கு ஒருவருக்குச் சம்பளம் கொடுப்பதையும் சேர்த்தே திட்டமிடவேண்டும். வைத்துவிட்டுப் போன இயந்திரங்கள் துருப்பிடித்து நிற்கும் காட்சி எங்களுக்குப் புதிதல்ல.

இரண்டாவது, சபை கடைகளைக் குத்தகைக்குக் கொடுக்கும்போது இரண்டொரு இடத்தையாவது கூழ், மோர், இளநீர், புட்டு, அவித்த கடலை விற்கும் மாதர் குழுக்களுக்கு ஒதுக்குதல். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இருக்கிறது. ஒடியல் மாவுக்கு ஊரிலேயே ஒரு சாப்பாட்டுக் கடைச் சந்தை இருந்தால், அந்தக் காசு தீவுக்குள்ளேயே சுற்றும். போத்தல் பானத்துக்குக் கொடுக்கும் காசில் பெரும்பங்கு கடல்தாண்டிப் போய்விடுகிறது.

மூன்றாவது, குடும்பங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தலை வீட்டிலிருந்தே நிரப்பிக்கொண்டு புறப்படலாம். போத்தல் பானம் வாங்குவதென்றால் ஒன்றை வாங்கி நால்வர் பகிரலாம். ஐஸ்கிறீமா, சோடாவா என்று பிள்ளையையே ஒன்றைத் தெரிவுசெய்ய விடலாம். உறவினர் வீட்டில் "சீனி இல்லாமல் ஒரு தேத்தண்ணி தாங்கோ மாமி" என்று முதலே கேட்டால் மாமி கோபிக்கமாட்டார். தனக்கும் அப்படியே ஊற்றிக்கொள்ள அவருக்கு ஒரு சாட்டு கிடைக்கும். சூட்கேசில் ஒரு பெட்டி சொக்லேட்டைக் குறைத்து, அந்த இடத்தில் சீனி சோதிக்கும் கருவியையும் அதற்குரிய பட்டிகளையும் வைக்கலாம். பட்டிகள் முடிந்தால் இங்கே வாங்கக்கூடிய வகையா என்று பார்த்து வாங்கவேண்டும்.

நெடுந்தீவுக்குப் போனால் கோட்டையிலிருந்து பக்கத்துக் கடற்கரைவரை நடந்தே போய்ப் பாருங்கள். ஒரு காலத்தில் இந்தத் தீவின் சனம் நடந்த வழி அது. பேரப்பிள்ளைக்குக் கல்வேலியைக் காட்டி, யார் யாருடைய காணி என்று சொல்லிக்கொண்டு நடக்கும் தாத்தாவுக்கு அதைவிடப் பெரிய விருந்து வேறு இல்லை. அடுத்த ஓகஸ்டிலும் அவர் அந்த இறங்குதுறைக்கு இரண்டு காலோடும் தெளிந்த கண்ணோடும் நடந்துவந்து நிற்கவேண்டும். அதற்குத்தானே மகள் இவ்வளவு தூரம் பறந்து வருகிறாள்.